புரோட்டா என்கிற கரடி

பீரோவுக்குப் பெயிண்ட் அடிப்பது என் தொழில்.
நெல்பேட்டையில் பத்துக்குப் பன்னிரண்டில் கடை.
கம்ப்ரஸர் உறும, துப்பாக்கி வாயிலிருந்து
ரோஜா நிறத்தில், சாம்பல் நிறத்தில்
பனி கிளம்பும்.
அதை விற்றுத்தான் சோறு.

தமீமுக்கு மருந்தும் பனிதான்.
ஓர் அழுத்து, ஸ்பேசருக்குள் வெள்ளையாய்ச் சுழலும்;
இழுத்து, பத்து எண்ணும்வரை நெஞ்சில் நிறுத்தணும்.
நாலிலேயே விட்டுவிடுவான்.
திட்டினேன். கடலைமிட்டாய் தந்தேன்.
மறுபடி திட்டினேன்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா
என் போனை வாங்கி எதையோ ஏற்றித் தந்தார்.
உள்ளே ஒரு கரடி,
மலையடியில் மூட்டையோடு நிற்கிறது.
இவன் மூச்சைப் பிடித்தால் அது ஏறும்,
பத்து எண்ணினால் பத்து அடி.
"அத்தா, மலை மேல கொட்டிருக்கறது உப்பா?"
பனி என்றேன். என் சட்டையைப் பார்த்தான்.
கரடிக்குப் புரோட்டா என்று பெயர் வைத்தான்.

காலையில் ஊதுகுழாய்.
ஒரே மூச்சில் ஊத, சிவப்பு முள் ஓடி நிற்கும் எண்ணைப்
புரோட்டாவிடம் சொல்லணும்.
பச்சை என்றால் ஆடும்.
மஞ்சள் என்றால் மூட்டையை இறக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.
சிவப்பை நாங்கள் பார்த்ததில்லை.

மூன்று வாரம் பச்சை.
மஹபூப்பாளையம் முழுக்கச் சொல்லிவிட்டேன்,
பையனுக்குச் சரியாயிருச்சு என்று.

ஐப்பசி மழை விட்ட ராத்திரி
விலா உள்வாங்கி, தொண்டைக்குழி குழிந்து
பேச வந்த வார்த்தையை நடுவிலேயே விட்டான்.
ஆட்டோ பாலம் ஏறியது.
வைகையில் தண்ணீர் ஓடுதா என்று
பார்க்காமலே கடந்த ராத்திரி
எனக்கு அது ஒன்றுதான்.

விடிந்து, மாஸ்க் கழற்றியபின்
டாக்டரம்மா போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
இருநூற்று இருபது. இருநூற்று இருபது. இருநூற்று இருபது.
"மூச்சு இப்படி அட்டென்ஷன்ல நிக்காதுங்க.
ஏறும், இறங்கும். இது யார் ஊதுனது?"

மாடிவீட்டு ஜோஸ்பின்.
பள்ளிக்கூடத்து ஹாக்கிக்காரி.
முழுசாய் ஊதினால் முந்நூற்றைம்பது போகுமாம்,
இவனுக்காக அடக்கி ஊதியிருக்கிறாள்.
கூலி, நாளுக்கு ஒரு தேன்மிட்டாய்.

ஏன்டா என்றேன். அடிக்கக் கை ஓங்கவில்லை,
கையில் இன்னும் தின்னர் வாடை.
"மஞ்சள்னா புரோட்டா படுத்துக்கும்ல.
அதுக்கும் இழுக்கும்ல அத்தா."

இன்னொன்றும் இருந்தது.
தினமும் கரடி ஒரு கேள்வி கேட்குமாம்:
வீட்டில் புகை, பெயிண்ட், தூசி வாடை உண்டா?
இருபத்தோரு நாளும்
இல்லை, இல்லை என்று அழுத்தியிருக்கிறான்.
"உண்டுன்னு போட்டா
உங்க கடையப் பூட்டிருவாகல்ல?"

இப்போது கடைக்குப் பின்னால் ஒரு வாளி, ஒரு சோப்பு,
ஆணியில் மாற்றுச்சட்டை.
நனைந்த தலையோடு பஸ் ஏறுகிறேன்.
கண்டக்டர் கேட்டார், வெளியே மழையா என்று.

உண்மை எண் நூற்று நாற்பது.
புரோட்டா படுத்துக்கொண்டது.
தமீம் போனின் மேல் கைக்குட்டை போர்த்திப்
பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்,
மருந்து இழுத்தான், எண்ணினான்:
ஏழு, எட்டு,
ஒன்பதில் இருமல்.

அப்புறம் குழாயைக் கழுவி என்னிடம் நீட்டினான்.
"நீங்க ஊதுங்க அத்தா, சும்மா."
மீசையைத் தடவிக்கொண்டு ஊதினேன்,
பத்தொன்பது வருஷத்துப் பனியோடு சேர்த்து.
முள் ஓடியது.
ஜோஸ்பின் எட்டும் இடத்துக்குப் பாதி வழி தாண்டி
நின்றுவிட்டது.

எண்ணை அவன் வாய்விட்டுப் படிக்கவில்லை.
குழாயைத் துடைத்தான். முள்ளைப் பூஜ்யத்துக்கு இழுத்தான்.
கொஞ்ச நேரம் கழித்து மெதுவாய்க் கேட்டான்:
"உங்க கரடிக்கு என்ன பேரு வைக்கலாம்?"